அடுக்களைக் கல்லைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

இல்லத்தின் ஏனைய அறைகளில் நாம் அமர்கிறோம், உறங்குகிறோம், விருந்தினரை வரவேற்கிறோம். அடுக்களை ஒன்றில்தான் நாள் தவறாமல் ஒருவர் நின்றபடியே உழைத்துக்கொண்டிருக்கிறார். ரமளான் மாதத்தில் அவ்வுழைப்பு இரட்டிக்கிறது. ஊர் உறங்கும் மூன்று மணிக்கு ஸஹர் உணவுக்காக அவர் எழுகிறார். மாலையில் கஞ்சியும் வடையும் ஆயத்தமாகி நோன்பு திறக்கும் வேளை வரும்வரை அவர் கால்களுக்கு ஓய்வில்லை. அந்த உழைப்பு முழுவதையும் தாங்குவது இரண்டடி அகலமும் ஏழெட்டு அடி நீளமும் உள்ள ஒரு கல். அக்கல் எதுவாக இருக்கவேண்டும், எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று எழுதப் புகுந்தால், வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சமையல் மேடைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மார்க்கச் சட்ட நூல்களில் பானைக்கும் மண்குடத்துக்கும் இடம் இருக்கிறது. மேடைக்கு மட்டும் இடமில்லாமற் போகாது.

வடசென்னையில் வாழும் நமக்கு இது அலங்காரத்தைப் பற்றிய பேச்சும் அன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெருகியபோது, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எர்ணாவூர் முதலிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் படிந்த கருங்கறையைச் சுரண்டி எடுப்பதே பெரும்பாடாயிற்று. மேடைக்கடியில் மரத்தூள் பலகையால் அலமாரி செய்து வைத்திருந்தவர்கள் அதை அப்படியே தூக்கி எறியவேண்டி வந்தது. அவ்வகைப் பலகை ஒருமுறை ஊறினால் பிட்டுப்போல் உதிர்ந்துவிடும். உலர்த்தி மீட்க இயலாது. இத்தகைய இழப்புக்குப் பின் கையிலிருக்கும் சிறு தொகையைக் கொண்டு மேடையைப் புதுப்பிக்க முனையும் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன்.

என் போன்றோரிடம் இது குறித்து வரும் வினாக்கள் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே வருகின்றன. "ஹஜ்ரத், அடுப்படிக்குக் கிரானைட் பதித்தால் வீண்விரயம் ஆகுமா?" என்பது ஒன்று. "தவணைக்குக் கடன் தருகிறார்கள், வாங்கலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை உண்டு, பின்னர் வருகிறேன். "வீட்டில் என்ன சொல்கிறார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால்தான் பலரும் திகைத்துப் போகிறார்கள். கடைக்குச் சென்றவர் கணவர். விலை பேசியவர் மச்சான். உயரத்தை முடிவு செய்தவர் கொத்தனார். இனி வரும் முப்பது ஆண்டுகள் அம்மேடையின்முன் நிற்கப்போகிறவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனத்தில், குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதுகூடப் பெற்றோர் இருவரும் மனமொத்து, கலந்து ஆலோசித்துச் செய்யவேண்டிய காரியமாகக் கூறப்பட்டிருக்கிறது. ஒரு சிசுவின் பால்குடி பற்றியே இருவரின் ஆலோசனை வேண்டுமெனில், குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கும் ஒரு வேலையில் மனைவியின் சொல் வேண்டாமா?

இன்னும் ஒருபடி மேலே சென்று சட்ட நூலையே பார்ப்போம். கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாஃபிஈ மத்ஹபின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. அதில் மனைவிக்குக் கணவன் வழங்கவேண்டியவற்றைக் கூறும் பகுதியில், தானியம் கொடுத்தால் மட்டும் போதாது. அதை அரைப்பதும் ரொட்டி சுடுவதும் அவன் பொறுப்பு என்று வருகிறது. உண்ணவும் பருகவும் சமைக்கவும் வேண்டிய கலன்களையும் அவனே தரவேண்டும் என்று, பானை, குடம் முதலியவற்றைப் பெயர் சொல்லியே இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள். சமைத்துப் போடுவதை அம்மத்ஹபின் அறிஞர்கள் மனைவியின் சட்டக் கடமையாக ஆக்கவில்லை. ஹனஃபீ அறிஞர்கள் அதனை அவளுடைய மார்க்கப் பொறுப்பாகக் கருதினாலும், காழி கட்டாயப்படுத்தி வாங்கக்கூடிய கடமையாகப் பொதுவாகக் கொள்ளவில்லை. நம் இல்லங்களில் பெண்கள் சமைப்பது அன்பினாலும் வழக்கத்தினாலுமே ஆகும். அன்பினால் செய்யப்படும் வேலைக்கு உரிய கருவியையாவது ஒழுங்காகத் தரவேண்டாமா? அக்காலத்தில் பானையும் குடமும் என்றால் இக்காலத்தில் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் அந்த வரிசையில் சேரும் என்பது என் கருத்து. அவரவர் வசதிக்கேற்ப என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் இருப்பதால், வசதி குறைந்தவர் இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை.

ஃபாத்திமா (ரலி) அவர்களின் கை திரிகைக் கல்லைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன செய்தியை நம்மவர்கள் மேடைதோறும் எடுத்துரைக்கிறார்கள். பணியாளர் வேண்டிச் சென்ற அருமை மகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தஸ்பீஹைக் கற்றுத் தந்ததைச் சொல்லி, ஆகவே பெண்களே பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த முடிப்பில் உடன்பாடில்லை. அந்தக் கையின் காய்ப்பு அற்பச் செய்தி என்று எவரும் தள்ளவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மகளின் இல்லம் தேடி வந்து அருகமர்ந்தார்கள். அறிவிப்பாளர்களும் அதைப் பாதுகாத்து நமக்குத் தந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணின் இடுப்பு வலி நம் செவியில் விழுவதற்கே எத்தனை ஆண்டுகள் ஆகின்றன!

அந்த இடுப்பு வலிக்கும் மேடைக்கும் உள்ள உறவைச் சொல்லவேண்டும். நம் பாட்டிமார் தரையில் அமர்ந்து அரிவாள்மணையில் அரிந்தார்கள், அம்மியில் அரைத்தார்கள். நின்று சமைக்கும் வழக்கம் எரிவாயு அடுப்போடு வீடுதோறும் பரவியது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயர்ந்த இடத்தில் இருக்கவேண்டும் என்பது எரிவாயு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. ஆகவே மேடை இன்றியமையாதது ஆயிற்று. ஆனால் அதன் உயரத்தைக் கொத்தனார் தம் பழக்கத்தின்படியே கட்டுகிறார். மூன்றடி என்று எங்கோ கற்றதை ஐந்தடிப் பெண்ணுக்கும் கட்டுவார், ஐந்தேமுக்கால் அடிப் பெண்ணுக்கும் கட்டுவார்.

முறை எளிதானது. சமைப்பவர் செருப்பின்றி நேராக நின்று முழங்கையை மடக்கவேண்டும். முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் தாழ்ந்த இடமே காய் நறுக்கவும் மாவு பிசையவும் ஏற்ற உயரம். ஐந்தடிப் பெண்ணின் முழங்கை தரையிலிருந்து ஏறத்தாழ 37 அங்குலம் இருக்கும். அவருக்கு 32 அங்குல மேடை பொருந்தும். அடுப்பு வைக்கும் பகுதி வேறு கணக்கு. அடுப்பே நான்கைந்து அங்குலம் உயரம். அதன்மேல் குழம்புச் சட்டி ஏறுகிறது. 36 அங்குல மேடைமீது அடுப்பை வைத்து, அதன்மேல் பெரிய சட்டியை ஏற்றினால், அவர் தோளைத் தூக்கிக்கொண்டே கிளறவேண்டும்; கொதிக்கும் எண்ணெய் முகத்துக்கு நேராக இருக்கும். அடுப்புப் பகுதியை மட்டும் மூன்று நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டினால் இத்துன்பம் நீங்கும். சிலிண்டரின் உயரம் ஏறத்தாழ 25 அங்குலமே ஆதலால் அவ்வாறு தாழ்த்துவதற்குத் தடையுமில்லை. மாமியும் மருமகளும் உயரத்தில் வேறுபட்டால் மிகுதியான நேரம் நிற்பவர் யாரோ அவருக்கே முதலிடம் தருக. இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு சில செங்கற்களின் விலைதான். கல்லின் பளபளப்புக்காக ஆயிரங்களைக் கூட்டிக் கொடுப்பவர்கள் இந்தச் செங்கல் கணக்கைக் கேட்பதில்லை.

இனிக் கல்லுக்கு வருவோம். இராயபுரம், தண்டையார்பேட்டைப் பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கடப்பைக் கல். ஆந்திரத்தின் கடப்பை மாவட்டப் பெயரால் வழங்கும் அக்கல் கருநிறச் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. விலை மலிவு, வேலையும் எளிது. ஆனால் சுண்ணாம்புக்குப் புளிப்பு பகை. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தி நின்றால் மெருகு போய் வெண்மை பூக்கும். எண்ணெயும் இறங்கும். அடுக்கடுக்காக உருவான கல்லாதலால், தேங்காயை ஓங்கி உடைத்தால் ஏடு பிரிவதும் உண்டு. சலவைக்கல்லும் சுண்ணாம்பினமே, கண்ணுக்கு அழகாக இருப்பினும் புளியும் மஞ்சளும் புழங்கும் நம் அடுக்களைக்கு அது உதவாது. நகரத்துப் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வெள்ளைக் கல் கேட்போர் இதை அறியவேண்டும்.

கிரானைட் நம் மாநிலத்துச் செல்வம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பக்கத்திலிருந்தும் வெட்டி எடுக்கப்படும் கற்கள் உலகெங்கும் செல்கின்றன. பெரும் பாறைத் துண்டங்களைச் சுமந்த வண்டிகள் துறைமுகத்தை நோக்கி ஊர்வது இப்பகுதியினருக்குப் பழகிய காட்சியே. நம் வாசலைக் கடந்து இத்தாலிக்கும் சீனத்துக்கும் போகும் கல்லை நம் அடுக்களையில் வைப்பது ஆடம்பரம் ஆகுமோ என்று ஒருவர் கேட்டார். ஆகாது. உள்ளூர்க் கல் நடுத்தர விலையில் கிடைக்கிறது. புளிப்பால் அரிக்கப்படாது, சூடான பாத்திரத்தை அப்படியே இறக்கி வைக்கலாம், ஒருமுறை பதித்தால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய மலிவுப் பொருளே உண்மையில் வீண்விரயத்துக்கு அருகில் இருக்கிறது.

எனினும் கடையில் விழிப்பு வேண்டும். மங்கிய கல்லுக்குக் கருஞ்சாயமோ எண்ணெயோ ஏற்றி, முதல்தரக் கறுப்பு என்று விற்பது இவ்வணிகத்தில் இருக்கும் ஒரு மோசடி. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் பஞ்சை நனைத்துக் கல்லின் ஓரத்தில் அழுந்தத் தேய்த்தால் சாயம் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டை வாங்கி அதன்மேல் சில துளி நீரையும் எண்ணெயையும் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இறங்கிக் கறுத்தால் அக்கல் நுண்துளை மிகுந்தது. எலுமிச்சைச் சாறு பட்டு மெருகு மங்கினால் அது கிரானைட்டே அன்று. கனம் முக்கால் அங்குலமாவது, அதாவது 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை, இருக்கவேண்டும். அளவுகோலைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல் அளவுகோல் ஆகாது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. விற்பவரும் அதை அறிந்தவராக இருந்தால் நலம்.

நிறத்தைப் பற்றி இப்பகுதிக்கென ஒரு சொல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாளப்படுவது 2011இல் உயர்நீதிமன்றத்தின் ஆணையால் நின்றது. ஆயினும் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலும் கனரக வண்டிகள் எழுப்பும் புழுதியும் நின்றபாடில்லை. கண்ணாடிபோல் மின்னும் முழுக்கறுப்பில் ஒவ்வொரு தூசியும் தெரியும். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி; அந்த உப்புநீர் உலர்ந்தால் கறுப்புக் கல்லில் வெள்ளைத் திட்டுகள் படியும். அதைப் போக்கக் கழிவறை அமிலத்தை ஊற்றித் தேய்ப்பது கடப்பைக் கல்லைக் கொல்லும். கிரானைட்டின் இணைப்புச் சிமெண்டையும் தின்னும். மஞ்சள் கறையை வெள்ளைக் கல் காட்டிக்கொடுக்கும். ஆகவே பொடிப் புள்ளிகளுள்ள கருஞ்சாம்பல் நிறம் இவ்வூருக்குப் பொருந்தும் என்பேன். நிறத்தின் இறுதி முடிவு என்னுடையதன்று, மேடையில் வேலை செய்பவருடையது.

எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மேடை பதினாறு சதுர அடி. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் வேறுபட்டாலும் மொத்தத்தில் எண்ணூறு ரூபாய்தான் வேறுபாடு. செலவு பெருகுவது கல்லின் விலையால் அன்று. ஓரத்தை உருட்டி மெருகேற்றும் கூலி, தொட்டிக்குத் துளையிடும் கூலி, வண்டிக் கூலி, பொருத்தும் கூலி ஆகியவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையைக் கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பெரிய வீட்டு வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் கற்கடைகளின் ஓரத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஏழெட்டு அடி மேடைக்கு அத்தகைய துண்டு ஒன்றோ இரண்டோ போதும், விலையும் இறங்கும். அதற்கும் இயலாவிடில் அடுப்பும் தொட்டியும் இருக்கும் பகுதிக்கு மட்டும் கிரானைட் பதித்து, எஞ்சிய பகுதிக்குக் கடப்பைக் கல்லே வைத்தால் எந்தக் குறைவுமில்லை. விருந்தினர் என்ன நினைப்பார்களோ என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விருந்தினர் பிரியாணியைத்தான் நினைப்பார்கள்.

ஆயிஷா (ரலி) அவர்கள் தம் இல்லத்து வாயிலில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டிருந்த நிகழ்ச்சி முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உண்டு. பயணம் முடிந்து திரும்பிய நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகத்தில் அதிருப்தி தென்பட்டது. கல்லையும் மண்ணையும் உடுத்தி அழகு பார்க்க நாம் ஏவப்படவில்லை என்ற கருத்தில் கூறி அதை அகற்றிவிட்டார்கள். அன்னையவர்கள் அதே துணியை வெட்டி, ஈச்ச நாரை அடைத்து இரண்டு தலையணைகள் செய்துகொண்டார்கள். அதை நாயகம் (ஸல்) அவர்கள் குறை கூறவில்லை. வெறும் கல்லுக்கு உடையாக இருந்த துணி, மனிதர் சாயும் பொருளானதும் ஏற்புக்குரியதாயிற்று. கிரானைட் வீண்விரயமா என்று கேட்டவருக்கு இந்நிகழ்ச்சியில் விடை இருக்கிறது. சமைப்பவருக்கு உதவும் அளவுக்குச் செலவிடுங்கள். பக்கத்து வீட்டார் பார்ப்பதற்காக மேடையின் முகப்பிலும் சுவரிலும் உச்சிவரை கல் ஏற்றுவது கல்லுக்கு ஆடை உடுத்துவதுதான்.

மேடையின் அடிப்பகுதியை மறைக்கச் சாதாரணத் துணித்திரை போதும். இதுவும் கல்லுக்கு ஆடையா என்று எவரும் கடிய வேண்டாம். அது பாத்திரங்களைப் புழுதியிலிருந்து காப்பது. சிலிண்டரும் அடுப்பும் உள்ள பக்கத்தில் மட்டும் துணியைத் தவிர்த்துவிடுங்கள். கதவுதான் வேண்டும் என்பவர்கள் அலுமினியச் சட்டக் கதவை நாடலாம். உள்ளே தட்டுகளுக்குக் கடப்பைக் கல் நன்று. வெள்ளம் புகுந்தாலும் கழுவினால் தீர்ந்தது. இரும்புத் தாங்கிகளைக் கடற்காற்று சில ஆண்டுகளில் தின்றுவிடும். செங்கல் தூணே நம்பத்தக்கது. சிலிண்டரை மூடிய அறைக்குள் வைப்பவர்கள் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் விடவேண்டியது மிக அவசியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அழகுக்காக அத்துளைகளை அடைப்பது உயிரோடு விளையாடுவது.

எவர்சில்வர் மேடை பற்றியும் கேட்கிறார்கள். சந்தையில் 202 என்றும் 304 என்றும் இருவகை உண்டு. 202இல் நிக்கல் குறைவு. உப்புக் காற்றில் விரைவில் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை ஆகவே நல்ல ரகம் என்று கடையில் செய்து காட்டுவார்கள். இரண்டு வகையிலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது; அச்சோதனையால் பயனில்லை. வாடகை வீட்டில் இருப்போருக்கு மட்டும், கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய எவர்சில்வர் மேசை ஏற்றதாகலாம்.

விளம்பரங்களில் காணும் குவார்ட்ஸ் என்னும் செயற்கைக் கல்லை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிசினால் இறுக்கப்பட்டதாதலால் சூடான சட்டியை நேரே வைத்தால் கருகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதை அறுப்பவரின் நுரையீரல். அக்கல்லில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சிலிக்கா இருக்கக்கூடும். அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீரா நோயைத் தருகிறது. இளம் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. கற்சுரங்கங்கள் நிறைந்த இராஜஸ்தான் மாநிலம் இந்நோயாளிகளுக்கென 2019இல் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. நம் கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு என்பதே வேறுபாடு. ஆகவே எக்கல்லானாலும் அளவுகளை முன்கூட்டியே சரியாகக் கொடுத்துக் கடையிலேயே நீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள். ஆறடிக்கு எட்டடி அடுக்களைக்குள் ஓர் இளைஞன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வறட்டுக் கல்லை அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. வியர்வை உலருமுன் கூலி தரும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாமெல்லாம் அறிவோம். அந்தக் கூலியை வாங்குபவன் மூச்சு விடவும் முடியவேண்டும் அல்லவா?

பணத்துக்கு வருவோம். கடைக்காரர் தாமே, ரொக்கமாயின் இவ்வளவு, ஆறு மாதத் தவணையாயின் இவ்வளவு என்று கூறி, ஒரே விலையை முடிவு செய்து விற்றால், தாமதமானாலும் அவ்விலை ஏறாது என்ற நிபந்தனையோடு அதனை நான்கு மத்ஹப் அறிஞர்களில் பெரும்பான்மையோர் அனுமதிக்கின்றனர். நிதி நிறுவனம் ஒன்று கடைக்குப் பணத்தைக் கட்டிவிட்டு உங்களிடம் வட்டியோடு வாங்குமாயின் அது வட்டிக் கடனே. பெயரை மாற்றி அழைப்பதால் சட்டம் மாறாது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்வோரிடமும், தாமதத்துக்கு அபராத வட்டி உண்டா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பெண்கள் தமக்குள் கட்டும் குலுக்கல் சீட்டில் எல்லாரும் ஒரே தொகை கட்டி ஒரே தொகை எடுக்கிறார்கள். அதில் பொதுவாகக் குற்றமில்லை. ஏலச்சீட்டில் அவசரக்காரர் தள்ளிக் கேட்டு இழப்பதை மற்றவர் பங்கிடுவதால், அதை ஆலிம்கள் பலரும் தடுக்கின்றனர். ஜமாஅத்தில் வட்டியில்லாக் கடன் நிதி இருந்தால் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எதுவும் இயலாவிடில் இவ்வாண்டு உயரத்தைச் சரிசெய்து பழைய கல்லையே பதித்துக்கொண்டு, கிரானைட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது கவனிக்கவேண்டியவை சில. மேடை தொட்டியை நோக்கி மிகச் சிறிதளவு சாய்வாக இருக்கட்டும். கோழி கழுவிய இரத்தம் கல்லில் சிந்தினால், மெருகேறிய பரப்பைச் சுத்தமாகத் துடைத்தாலே தூய்மையாகிவிடும் என்பது ஹனஃபீ சட்டம். ஷாஃபிஈ சட்டத்தில் அதன்மேல் நீர் ஓடவேண்டும். ஓடிய நீர் சுவரோரம் தேங்கினால் இரு மத்ஹபினருக்கும் கரப்பான்தான் மிஞ்சும். இணைப்பைத் தொட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். தொட்டிக்கு வெட்டும் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் சற்றே வளைத்து வெட்டினால் விரிசல் விடாது. முன்விளிம்பின் அடியில் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று இழுத்துவிட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும், அலமாரிக்குள் ஏறாது. பதித்தபின் கலவை இறுக ஒரு வாரமாவது விடவேண்டும். அதற்குள் கிரைண்டரைத் தூக்கி வைப்பது கூடாது. ஆகவே ரமளானுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேடையை இடிக்கத் தொடங்காமல் ரஜப் மாதத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இடிப்பதற்குமுன் கொத்தனாரிடம், பழைய கடப்பைக் கல்லை உடைக்காமல் நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். அரைநாள் கூலி அதிகம் கேட்பார், கொடுக்கலாம். அக்கல் மேடைக்கடியில் தட்டாகும், கொல்லையில் துவைகல்லாகும், தண்ணீர்க் குடம் வைக்கும் திண்ணையாகும். உங்களுக்குத் தேவையில்லாவிடில், மேடையே இல்லாமல் தரையில் அடுப்பு வைத்துச் சமைப்பவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.